வரி போடுவது யார், வைத்துக்கொள்வது யார்?

இந்தியாவில் எந்த வரியைப் பற்றிப் பேசினாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சட்டம் இயற்றி அந்த வரியை விதிப்பது யார்? வசூலிப்பது யார்? வசூலான பணம் கடைசியில் யாருடைய கஜானாவில் தங்குகிறது? மூன்றுக்கும் ஒரே விடை உள்ள வரிகள் உண்டு. விதிப்பவர் ஒருவர், வைத்துக்கொள்பவர் இன்னொருவர் என்ற வரிகளும் உண்டு. ஒன்றிய அரசுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் எத்தனை பைசா திரும்பி வருகிறது என்ற வாதம் தேர்தல்தோறும் நடக்கிறது. அந்தப் பைசா எந்த வழியாக வருகிறது, எந்தத் திருப்பத்தில் குறைகிறது என்பதைப் பார்த்தால்தான் வாதத்துக்குப் பொருள் இருக்கும். ஒன்றிய வரிகளில் மாநிலங்களின் பங்கு 41 சதவீதமா, 50 சதவீதமா என்பதைவிட, எதில் 41 சதவீதம் என்பதே பெரிய கேள்வி என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அடித்தளம் அரசமைப்புச் சட்டத்தின் 246ஆவது பிரிவும், அதிகாரங்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இரு அரசுகளுக்குமான பொதுப் பட்டியல் என்று பிரிக்கும் ஏழாவது அட்டவணையும். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் ஏற்பாட்டையே இது பெரும்பாலும் பின்பற்றுகிறது. ஒன்றியப் பட்டியலில் 82 முதல் 92பி வரையும், மாநிலப் பட்டியலில் 45 முதல் 63 வரையும் உள்ள இனங்கள் (எண்ணிட்ட தலைப்புகள்) வரிகளுக்கானவை. பொதுப் பட்டியலில் வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. இது தற்செயல் அல்ல. கல்வி, காடு போன்றவற்றில் இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். மோதல் வந்தால் நாடாளுமன்றச் சட்டம் வெல்லும். வரியில் அப்படி விட்டால் மாநிலத்தின் வருமானம் நாடாளுமன்றத்தின் தயவில் நிற்கும். அதனால்தான் வரிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைத்தார்கள்.

இந்தப் பிரிவினையில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரு துறை மாநிலப் பட்டியலில் இருப்பதாலேயே அதன்மீது வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் வந்துவிடாது. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அந்தத் தலைப்பைக் காட்டி மருத்துவமனைக்கு வரி போட முடியாது. வரிக்கென்று தனி இனம் இருக்க வேண்டும் என்று 1958இல் சுந்தரராமய்யர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தனி இனம் எங்குமே இல்லையென்றால்? எஞ்சிய அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 97ஆவது இனத்தின்படி நாடாளுமன்றத்துக்குப் போகும். 1994இல் தொலைபேசி, பங்குத் தரகு, பொதுக் காப்பீடு ஆகிய மூன்று சேவைகளில் தொடங்கிய சேவை வரி அந்த வழியாக வந்ததுதான். பொருளாதாரத்தில் சேவைகளின் பங்கு பெருகப் பெருக, அந்த வளர்ச்சியின்மேல் வரி போடும் உரிமை முழுவதும் தில்லியிடம் இருந்தது. பொருள் விற்பனை வரி மட்டுமே மாநிலங்களிடம் இருந்தது. 1939இல் நாட்டிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரி கொண்டுவந்தது சென்னை மாகாணம். அறுபது, எழுபது ஆண்டுகள் மாநிலங்களைத் தாங்கியது அந்த வரிதான்.

வருமான வரி, நிறுவன வரி, சுங்கம் மூன்றும் ஒன்றியத்துடையவை. விவசாய வருமானம், நிலவரி, நிலம் கட்டடங்கள் மீதான வரி, முத்திரைத் தீர்வையின் பெரும்பகுதி, வாகன வரி, மின்சார வரி, மதுமீதான ஆயத்தீர்வை, தொழில் வரி ஆகியவை மாநிலத்துடையவை. எல்லைக்கோடு எவ்வளவு நுணுக்கமாக ஓடுகிறது என்பதற்குத் தேயிலை நல்ல எடுத்துக்காட்டு. இலையைப் பயிரிடுவது விவசாயம், அதை வாட்டி அரைத்துத் தூளாக்குவது தொழில். ஒரே நிறுவனம் இரண்டையும் செய்தால் லாபத்தை எப்படிப் பிரிப்பது? 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 8ஆவது விதி 40 சதவீதத்தைத் தொழில் வருமானமாகவும் 60 சதவீதத்தை விவசாய வருமானமாகவும் வகுத்தது. நீலகிரியிலோ மூணாறிலோ தோட்டமும் தொழிற்சாலையும் வைத்திருக்கும் நிறுவனத்தின் லாபத்தில் 40 சதவீதத்தின்மேல்தான் ஒன்றிய அரசு கைவைக்க முடியும். ரப்பருக்கு அந்த விகிதம் 35.

மாநிலத்தின் கையில் உள்ளவற்றிலும் சிலவற்றின் கை கட்டப்பட்டிருக்கிறது. தொழில் வரிக்கு 276ஆவது பிரிவு ஆண்டுக்கு ரூ.2,500 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988இல் நிர்ணயித்த தொகை அது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிப்பதால், எவ்வளவு பெரிய சம்பளக்காரரிடமும் ஒரு அரையாண்டுக்கு ரூ.1,250க்கு மேல் வாங்க முடியாது. அரசமைப்பைத் திருத்தாமல் இந்த எண் மாறாது.

ஆக, பெரிய, வேகமாக வளரும் வரிகள் ஒன்றியத்திடம். பள்ளி, மருத்துவமனை, காவல், குடிநீர் என்ற பெரிய செலவுகள் மாநிலங்களிடம். 2018-19இல் இரு அரசுகளும் சேர்ந்து திரட்டிய வருவாயில் 62.7 சதவீதத்தை ஒன்றியம் திரட்டியது என்றும், மொத்தச் செலவில் 62.4 சதவீதத்தை மாநிலங்கள் சுமந்தன என்றும் 15ஆவது நிதிக்குழு கணக்கிட்டது. இந்த இடைவெளி வரும் என்று அரசமைப்பை எழுதியவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் 280ஆவது பிரிவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு என்ற ஏற்பாட்டை வைத்தார்கள். பகிர்வைத் தானமாகக் கருதுவது தவறு. வசூல் வசதிக்காக ஒரே இடத்தில் திரட்டிய பணத்தில் மாநிலத்துக்குள்ள உரிமைப் பங்கு அது.

நிதிக்குழு இரண்டு முடிவுகளைப் பரிந்துரைக்கிறது. பகிர வேண்டிய ஒன்றிய வரிகளின் மொத்தத் தொகுப்பில் மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்பது முதலாவது. 13ஆவது குழு 32 சதவீதம் என்றது, 14ஆவது 42 என்று உயர்த்தியது, ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதியான பிறகு 15ஆவது 41 என்றது. அதை மாநிலங்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பது இரண்டாவது. 15ஆவது குழுவின் சூத்திரத்தில் வருமான இடைவெளிக்கு 45 மதிப்பெண், மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடு மற்றும் சூழலுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5.

வருமான இடைவெளி என்பது தனிநபர் வருமானத்தில் உச்சத்தில் இருக்கும் மாநிலத்திலிருந்து ஒரு மாநிலம் எவ்வளவு கீழே இருக்கிறது என்ற அளவு. அந்த இடைவெளியை மக்கள்தொகையால் பெருக்குகிறார்கள். அதனால் ஏழை மாநிலமாகவும் பெரிய மாநிலமாகவும் இருந்தால் பங்கு இரு வழியிலும் கூடும். உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதமும் பிகாருக்கு 10.058 சதவீதமும் கிடைத்தது இப்படித்தான். தமிழ்நாட்டுக்கு 4.079, கர்நாடகத்துக்கு 3.647, கேரளத்துக்கு 1.925. தமிழ்நாட்டின் பங்கு 11ஆவது குழுவில் 5.385 ஆக இருந்து, 5.305, 4.969, 4.023 என்று இறங்கி இந்த 4.079இல் நின்றது. 14ஆவது குழு வரை 1971 மக்கள்தொகைக்கும் இடம் இருந்தது. 15ஆவது குழுவுக்குக் கொடுத்த பணிவரையறை 2011 கணக்கையே எடுக்கச் சொன்னது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாக நடத்திய மாநிலங்கள் அதற்காகவே இழந்தன, 12.5 மதிப்பெண் அந்த இழப்பில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டியது. ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகத் தருவது கூட்டாட்சியின் நியாயம்தான். நன்றாக நடந்துகொண்டவர்களிடமிருந்து அது எந்த வேகத்தில் எடுக்கப்படுகிறது என்பதில்தான் நியாயமான சண்டை இருக்கிறது.

இனி தொகுப்புக்கு வருவோம். 41 சதவீதம் என்பது ஒன்றியத்தின் மொத்த வரி வசூலில் அல்ல. 270ஆவது பிரிவு இரண்டைத் தொகுப்புக்கு வெளியே வைக்கிறது: ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான தனி வரியான செஸ், 271ஆவது பிரிவின்கீழ் வரியின்மேல் போடப்படும் கூடுதல் வரியான சர்சார்ஜ். வசூல் செலவும் கழிக்கப்படும். மிஞ்சுவது ‘நிகர வருவாய்’. அது எவ்வளவு என்று 279ஆவது பிரிவின்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சான்றளிக்க வேண்டும். 2011-12இல் மொத்த வரி வசூலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருந்த செஸ்ஸும் சர்சார்ஜும் 2020-21இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டன. தாளில் 41 என்று எழுதியிருந்தாலும் மொத்த வசூலில் மாநிலங்களுக்குப் போவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்பதன் காரணம் இது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் இதை அப்படியே காணலாம். 2021 பிப்ரவரி தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரை ஒன்றிய அரசு லிட்டருக்கு ரூ.32.90 வாங்கியது. அதில் அடிப்படை உற்பத்தி வரி ரூ.1.40. சிறப்புக் கூடுதல் உற்பத்தி வரி ரூ.11. வேளாண் உள்கட்டமைப்பு செஸ் ரூ.2.50. சாலை, உள்கட்டமைப்பு செஸ் ரூ.18. இந்த நான்கில் தொகுப்புக்குள் வருவது முதலாவது மட்டும். அதில் 41 சதவீதம் 57 பைசா. அத்தனை மாநிலங்களுக்கும் சேர்த்து. அதிலும் 4.079 சதவீதம் தமிழ்நாட்டுக்கு என்றால், சென்னையில் விற்ற ஒரு லிட்டருக்கு ஒன்றியம் எடுத்த ரூ.32.90இல் பகிர்வாக மாநிலத்துக்கு வந்தது சுமார் 2.3 பைசா.

அந்த நவம்பரில் ரூ.5, 2022 மே மாதம் ரூ.8 என்று ஒன்றிய அரசு குறைத்தபோது குறைந்தது சாலை செஸ்தான். பகிர்வில் மாநிலங்களுக்கு இழப்பில்லை என்று நிதியமைச்சகம் சொன்னது, அது சரி. ஆனால் இன்னொரு வழியாக இழப்பு இருந்தது. தமிழ்நாட்டின் வாட் (மாநில விற்பனை) வரி பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதற்குமேல் லிட்டருக்கு ரூ.11.52உம் ஆகும். அந்த 13 சதவீதம் ஒன்றிய வரி சேர்ந்த விலைமேல் கணக்கிடப்படுவது. எனவே ரூ.5 குறைந்தால் மாநிலத்தின் வரியும் தானாக 65 பைசா குறையும், ரூ.8 குறைந்தால் ரூ.1.04. ஏறும்போது கூடும், இறங்கும்போது குறையும் என்ற விகித வரியின் இயல்பு இது. லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான பகுதியைத் தமிழ்நாடு 2020இல் சேர்த்தது, விலை சரியும்போது வருவாயும் கூடவே சரியாமல் இருப்பதற்குத்தான்.

தொகுப்பைச் சுருக்கும் வேலை புதிதல்ல. அரசமைப்பின் 80ஆவது திருத்தத்துக்கு முன் வருமான வரியும் உற்பத்தி வரியும்தான் பகிரப்பட்டன. நிறுவன வரி பகிரப்படவில்லை. 1959ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நிறுவனங்கள் கட்டிய வருமான வரியை ‘நிறுவன வரி’ என்ற வகைக்கு மாற்றியது. வரி கட்டியவர் அதே ஆள்தான், தொகையிலும் பெரிய மாற்றமில்லை. தலைப்பு மாறியதால் பணம் பகிர்விலிருந்து வெளியேறிவிட்டது. அந்தக் கசப்பு பல நிதிக்குழுக்களில் ஒலித்த பிறகு, 10ஆவது குழுவின் மாற்றுத் திட்டத்தை ஏற்று, 2000இல் 80ஆவது திருத்தம் எல்லா ஒன்றிய வரிகளையும் ஒரே தொகுப்பில் சேர்த்தது. அப்போது திறந்து விடப்பட்ட ஒரே வாசல் செஸ்ஸும் சர்சார்ஜும். கால் நூற்றாண்டில் அந்த வாசல் அகன்றுவிட்டது. 50 சதவீதம் வேண்டும் என்று தமிழ்நாடு 16ஆவது நிதிக்குழுவிடம் கேட்டது. செஸ்ஸுக்கு உச்சவரம்பு இல்லாமல் அந்த 50 கிடைத்தாலும், மறுநாளே ஒரு புது செஸ் போட்டு அதைக் கரைத்துவிடலாம்.

2017 ஜூலை 1இல் வந்த ஜிஎஸ்டி (சரக்கு மற்றும் சேவை வரி) இந்தச் சித்திரத்தின் நடுப்பகுதியை மாற்றி வரைந்தது. 101ஆவது திருத்தம் 246ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்து, பொருள், சேவை இரண்டின்மேலும் இரு அரசுகளுக்கும் ஒரே நேரத்தில் வரி விதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. மாநிலங்களுக்குச் சேவை வரி கிடைத்தது. விலையாக, தங்கள் விருப்பப்படி விகிதம் நிர்ணயிக்கும் உரிமையை ஒன்றிய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜிஎஸ்டி கவுன்சிலிடம் ஒப்படைத்தார்கள்.

கவுன்சிலின் வாக்கு எடை முக்கியம். ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதிகளுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். மாநிலங்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்தாலும் 66.67 சதவீதம்தான், ஒன்றியம் இல்லாமல் எதுவும் நடக்காது. 31 உறுப்பினர்களும் வாக்களித்தால், ஒன்றியத்தோடு 20 மாநிலங்கள் சேர்ந்தால் நிறைவேறும். 12 மாநிலங்கள் எதிர்த்தால் நின்றுபோகும். சிக்கிமுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே எடை. நடைமுறையில் பெரும்பாலும் ஒருமித்தே முடிவெடுக்கிறார்கள்; முதல் வாக்கெடுப்பு 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காக நடந்தது. கவுன்சிலின் பரிந்துரை நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டாயப்படுத்தாது என்று 2022 மே மாதம் மோஹித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஒரு மாநிலம் மட்டும் தனி விகிதம் வைத்தால் வரி வரவுச் சங்கிலி (வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் தொடர்) அறுந்துவிடும் என்பதால், அந்த உரிமையைப் பயன்படுத்துவது எளிதல்ல.

பணம் மாநிலம் விட்டு மாநிலம் நகரும் விதத்தைத் திருப்பூரிலிருந்து பார்ப்போம். ஒரு பனியன் கம்பெனி தமிழ்நாட்டு மில்லிலிருந்து ரூ.1,00,000க்கு நூல் வாங்குகிறது. 5 சதவீத வரியில் ஒன்றியத்தின் பங்கான சிஜிஎஸ்டி ரூ.2,500, மாநிலத்தின் பங்கான எஸ்ஜிஎஸ்டி ரூ.2,500. தைத்த பனியனைக் கொச்சி வியாபாரிக்கு ரூ.1,60,000க்கு விற்கிறது. மாநிலம் தாண்டிய விற்பனை என்பதால், ஒன்றியம் வசூலித்துப் பிறகு பிரிக்கும் ஐஜிஎஸ்டி 5 சதவீதம், ரூ.8,000. கம்பெனி நூலுக்குக் கட்டிய இன்புட் வரி ரூ.5,000ஐக் கழித்து ரூ.3,000 மட்டும் ரொக்கமாகக் கட்டும். தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி ரூ.2,500ஐ ஐஜிஎஸ்டி கட்டப் பயன்படுத்தியதால், அந்த ரூ.2,500ஐத் தமிழ்நாட்டு அரசு ஐஜிஎஸ்டி கணக்குக்குத் திருப்பித் தர வேண்டும். கொச்சி வியாபாரி சில்லறையில் ரூ.2,00,000க்கு விற்கும்போது சிஜிஎஸ்டி ரூ.5,000, கேரள எஸ்ஜிஎஸ்டி ரூ.5,000. தன்னிடமுள்ள ஐஜிஎஸ்டி வரவு ரூ.8,000ஐப் பாதிப் பாதியாக இரண்டிலும் கழித்துக்கொண்டு மீதி ரூ.2,000ஐ ரொக்கமாகக் கட்டுகிறார். கடைசிக் கணக்கு: ஒன்றியத்துக்கு ரூ.5,000, கேரளத்துக்கு ரூ.5,000, தமிழ்நாட்டுக்கு ஒன்றுமில்லை. நுகர்வு நடக்கும் இடத்துக்கே வரி என்பது ஜிஎஸ்டியின் அடிப்படை. உற்பத்தி மாநிலங்கள் பயந்தது இதற்குத்தான். 2015-16ஐ அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சிக்கு உத்தரவாதம் தந்த இழப்பீடு, அந்தப் பயத்தைத் தணிக்கத் தரப்பட்டது. அது 2022 ஜூன் 30உடன் முடிந்தது.

இந்தச் சங்கிலி சிக்குவது பெரும்பாலும் படிவங்களில். கொச்சியில் வாங்குபவர் பதிவு செய்யாத நுகர்வோர் என்றால் வரவு எடுக்க யாருமில்லை. ஐஜிஎஸ்டி அப்படியே தேங்கும். அதில் பாதி கேரளத்துக்குப் போக வேண்டுமானால், விற்றவர் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற கணக்குத் தாக்கல் படிவத்தின் 3.2 அட்டவணையில் மாநிலவாரியாகத் தொகையைக் காட்டியிருக்க வேண்டும். காட்டாவிட்டால் பணம் எந்த மாநிலத்துடையது என்பதற்குத் தடயம் இல்லை. தகுதியற்ற ஐஜிஎஸ்டி வரவை முறையாகக் காட்டாமல் விட்டாலும் இதே கதி. வியாபாரிக்கு அபராதம் வராத, கவனிக்கப்படாத கட்டங்கள் இவை, இழப்பு மாநிலத்துக்கு. ஆரம்ப ஆண்டில், தீர்வு காணாத ஐஜிஎஸ்டி இருப்பை நிதிக்குழு சூத்திரப்படி பங்கிட்டதையும் கணக்குத் தணிக்கையாளர் தவறென்று சுட்டிக்காட்டினார்: நுகர்ந்த மாநிலத்துக்குரிய பணம் மக்கள்தொகை, பரப்பளவு கணக்கில் வேறிடம் போனது. வியாபாரிக்கு நேரடியாக வலிக்கும் பிழை வேறு. மாநிலத்துக்குள் விற்றதாக நினைத்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கட்டிய பிறகு அது மாநிலம் தாண்டிய விற்பனை என்று தெரிந்தால், ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்டிவிட்டு முன்பு கட்டியதை ரீஃபண்டாகக் கேட்க வேண்டும். ஐஜிஎஸ்டிக்கு வட்டி கட்டத் தேவையில்லை, ஆனால் நடைமுறை மூலதனம் முடங்கும்.

ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது பொதுவான குழப்பம். மனித நுகர்வுக்கான மது அரசமைப்பின் வரையறையிலேயே ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. உள்ளே கொண்டுவர அரசமைப்பைத் திருத்த வேண்டும். கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஐந்தும் அப்படியல்ல. எந்தத் தேதியிலிருந்து என்று கவுன்சில் பரிந்துரைத்தால் போதும். தமிழ்நாட்டுக்கு 2023-24இல் மதுவிலிருந்து வந்த ஆயத்தீர்வையும் வாட் வரியும் சேர்ந்து ரூ.45,000 கோடிக்கு மேல். மதுவைச் சார்ந்து அரசு நடப்பது வருத்தத்துக்குரியது. சொந்தமாக விகிதம் வைக்கக்கூடிய பெரிய வரிகள் ஒரு மாநிலத்தின் கையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டே அதைப் பற்றிப் பேச வேண்டும்: மது, எரிபொருள், பத்திரப்பதிவு, வாகனம், மின்சாரம். பிறகு கனிமம்.

கனிமத்தின் கதை தமிழ்நாட்டில் தொடங்கியது. 1958ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிச் சட்டத்தின் 115ஆவது பிரிவின்படி நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 பைசா உள்ளாட்சி செஸ் வசூலிக்கப்பட்டது. சுரங்க உரிமத்தொகையையும் (ராயல்டி) நிலவரிக் கணக்கில் அரசு சேர்த்தபோது, சுண்ணாம்புக்கல் வெட்டிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் எதிர்த்தது. உரிமத்தொகையே ஒரு வரிதான், அதன்மேல் செஸ் போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 1989இல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கனிம வளமுள்ள மாநிலங்கள் எல்லாம் இதனால் 35 ஆண்டுகள் முடங்கின. 2024 ஜூலை 25இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-1 என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது: உரிமத்தொகை வரி அல்ல, குத்தகைக்கான கைம்மாறு, கனிம உரிமைமீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலப் பட்டியலின் 50ஆவது இனத்தில் மாநிலத்திடமே இருக்கிறது. 2005 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கு மாநிலங்கள் வரி கோரலாம் என்றும், பழைய பாக்கியை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுத் தவணையில் கட்டலாம் என்றும், தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் இல்லை என்றும் அடுத்த மாதம் அதே அமர்வு சொன்னது. தமிழ்நாடு கனிமவள நிலங்களுக்கான வரிச் சட்டத்தை இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதே 50ஆவது இனத்தில், கனிம வளர்ச்சி தொடர்பாக நாடாளுமன்றம் சட்டம் மூலம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டு என்ற சொற்களும் இருக்கின்றன. அந்த வரம்பை எப்போது வேண்டுமானாலும் நாடாளுமன்றம் சட்டமாக்கலாம்.